ஒட்டியைத் திருப்பூரில் இறக்கி வைத்தேன்

திருப்பூரில் இறங்க வேண்டியவள் ஊத்துக்குளியில் இறங்கினேன். ரயில் மேல் தப்பில்லை. கோயம்புத்தூரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் காற்று முகத்தில் பட்டது, அவ்வளவுதான், கண் செருகிவிட்டது. எதிர் இருக்கை அம்மாள் தோளைத் தட்டி எழுப்பி, "ஏனுங்க அம்மிணி, திருப்பூருன்னு சொன்னீங்கல்லங்க? அது அப்பவே போயிருச்சுங்களே" என்றார். அதை அப்பவே சொல்லியிருக்கலாமே என்று நாக்கின் நுனி வரை வந்தது. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? நன்றி சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

பூங்கொடிக்குப் போன் செய்தேன். நாலைந்து வருஷமாகக் கணினியில் எழுத்தில் மட்டும் பழக்கம், குரலை அன்றுதான் கேட்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் திட்டுவாள் என்று பார்த்தால், "அட, நெம்ப நல்லதாப் போச்சுங்க்கா! அம்மா ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கியாரச் சொல்லி ரெண்டு நாளாக் கத்தீட்டு இருக்காங்க. நீங்க அங்கயே நில்லுங்க, வந்தர்றேன்" என்றாள். நான் வழி தவறியதில் ஒரு வீட்டின் வெண்ணெய்ப் பிரச்சினை தீர்ந்தது.

அவள் ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் ஈப்போ, மலேசியா. பேர் மாலதி. பிழைப்பு, கணினிக்கு நிரல் எழுதுவது. ரூபி என்று ஒரு கணினி மொழி உண்டு. அதன் மேல் கட்டப்பட்ட ரெயில்ஸ் என்கிற சட்டகத்தை வைத்துக்கொண்டு இணையதளங்களை மளமளவென்று எழுப்பலாம். இந்த இரண்டின் மேலும் கிறுக்குப் பிடித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அங்கங்கே கூடுவார்கள், பேசுவார்கள், சாப்பிடுவார்கள், தாங்கள் எழுதிய சிறு சிறு கருவிகளை மற்றவர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். நானும் ஒன்று கொடுத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

ஈப்போவில் ஒரு பிஸ்கட் கடைக்காரர் டப்பாவில் ஒட்டும் ஸ்டிக்கர்களைக் கணினியிலிருந்தே அச்சடிக்க வேண்டும் என்றார். அதற்காக எழுதியதைப் பொதுவில் போட்டு, 'ஒட்டி' என்று பேர் வைத்தேன். பிஸ்கட் கடைக்காரர் கடையை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். ஒட்டி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. முன்பின் தெரியாத நாடுகளிலெல்லாம் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்டிக்கர் கோணலாக வந்தால், எழுத்து நசுங்கினால், பிரிண்டரில் காகிதம் மாட்டினால்கூட எனக்குத்தான் புகார். பத்து வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின.

போன தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். தலையில் குடம், நெற்றியில் விபூதி, வாயில் அரோகரா. பக்கத்தில் நடந்த என் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் என் போன் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தவர், "யாரோ ஒருத்தன் உன்ன சோம்பேறிங்கிறான்" என்றார். குடத்தைச் சாமிக்கு ஊற்றும்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன். முருகா, இந்த ஒட்டியை என் தலையிலிருந்து இறக்கி வை.

இறக்குவது லேசில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் ரெயில்ஸின் புதுப் பதிப்பு வரப்போகிறது, மாற்றி எழுதாவிட்டால் ஒட்டி அதில் ஓடாது. நம்பிப் பயன்படுத்துகிறவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். "நான் ஏற்றுக்கொள்கிறேன், வெளியிடும் சாவியைக் கொடுங்கள்" என்று ஊர் பேர் தெரியாத ஒருவர் தேன் ஒழுக எழுதினார். அவர் ஒட்டிக்குள் திருட்டு நிரல் ஒன்றை நுழைத்து வெளியிட்டால் அத்தனை பேர் கணினிக்குள்ளும் அது போய்விடும். இப்படி நடந்த கதைகள் எங்கள் உலகத்தில் நிறைய. அதனால் தெரிந்தவர், நல்லவர், கெட்டிக்காரர் ஒருவர் வேண்டும். திருப்பூரில் ரூபிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள், வந்து பேசுங்கள் என்று பூங்கொடி கூப்பிட்டபோது எனக்குப் பொறி தட்டியது. ஒட்டிக்கு அவளைப்போலத் திருத்தம் அனுப்பியவர் யாருமில்லை. அவளிடம் தாரை வார்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்துவிட்டேன். அவளிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

பூங்கொடி ஸ்கூட்டரில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றியதும் சிரிப்பு. "வாங்க்கா! என்னங்க இத்தனை சின்னப் பொட்டியோட வந்திருக்கீங்க? ஒறம்பரை வந்தா ஒரு வாரமாச்சும் இருக்க வேண்டாமுங்களா?" வெண்ணெய்ப் பொட்டலத்தை வாங்கி என் மடியில் வைத்தாள். பெட்டியை முன்னால் நிறுத்தி, என்னைப் பின்னால் ஏற்றி, லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓட்டினாள். மலேசியாவில் சில சாலைகளில் ஸ்கூட்டருக்குத் தனித் தடம் உண்டு. இங்கே எல்லாத் தடமும் ஸ்கூட்டருக்குத்தான். வெண்ணெயைக் கட்டிப்பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம். அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்து குழைந்த சோற்றின் மேல் உருக்கிய நெய். தேங்காய்ப் பாலில் வேகும் எங்கள் நாசி லெமாக் சோற்றை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் மூன்றாவது தடவை தட்டை நீட்டியதும் நான்தான். அவள் அம்மாவுக்கு மலேசியா என்றால் சிங்கப்பூருக்குப் பக்கத்து வீடு. "அங்கெல்லாம் முருகன் கோயிலு இருக்குதுங்களா?" என்று கேட்டார். பால்குடம் எடுத்ததைச் சொன்னேன். "அப்பறமென்னங்க, நம்மவிகதான்" என்று இன்னொரு கரண்டி போட்டார். ஒட்டியைப் பற்றிப் பேச அது நேரமில்லை. வயிறு வாயை அடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை பூங்கொடி வேலை செய்யும் கம்பெனிக்குப் போனோம், மங்கலம் ரோட்டில். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். என்ன சண்டை என்று கேட்டேன். வடநாட்டு ஆட்களோடு வேலை பார்த்து இந்தி பழகிய பூங்கொடி காதில் சொன்னாள்: "நாளைக்குச் சந்தைக்கு நீ போ, நான் தூங்கப்போறேன்னு அந்தப் புள்ள சொல்லுது. போன ஞாயித்துக்கெழமையும் நீதான் தூங்குனேன்னு இந்தப் புள்ள சொல்லுது." ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்காகச் சண்டை போட எனக்கும் ஒரு ஆள் கிடைத்திருக்கலாமே என்று ஏக்கமாக இருந்தது.

கம்பெனியில் முதலில் பார்த்தது பேக்கிங் பகுதி. அட்டைப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஸ்டிக்கர், ஒவ்வொரு ஸ்டிக்கரும் ஒட்டி அச்சடித்தது. எழுத்துக்கும் பார்கோடுக் கோடுகளுக்கும் நடுவே நான் விட்ட சிறு இடைவெளி அப்படியே இருந்தது. பெற்ற பிள்ளையை அசலூரில் வேலைக்காரச் சட்டையோடு பார்த்ததுபோல ஒரு திகைப்பு. "இந்த ஸ்டிக்கர் இல்லீன்னா பொட்டி கேட்டைத் தாண்டாதுங்க்கா. இந்த ரோட்டுல மட்டும் எத்தனை கம்பெனில உங்க ஒட்டி ஓடுது, தெரியுங்களா?" என்றாள் பூங்கொடி, பெருமையாக. எனக்குப் பெருமை வரவில்லை. விட்டுவிட்டு ஓடலாம் என்று வைத்திருந்த ஒரே குறுக்குவழியும் அங்கே அடைபட்டது.

அப்போது அவளுக்குப் போன் வந்தது. சாயம் போட்ட துணி காம்பாக்டிங் பட்டறையிலிருந்து வரவில்லையாம். துணி சுருங்காமலிருக்க அழுத்தித் தரும் இடம் அது. மென்பொருள் பார்க்கிறவளுக்குத் துணியோடு என்ன வேலை என்று கேட்டால், "சனிக்கிழமை அல்லாருக்கும் அல்லா வேலையுந்தானுங்க்கா" என்று கம்பெனி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். நானும் தொற்றிக்கொண்டேன். காம்பாக்டிங்காரர் துணி அப்போதே கட்டிங்குக்குப் போயாச்சு என்றார். கட்டிங்காரர், பிரிண்டிங்குக்கு வேண்டியது மட்டும்தான் வந்தது, அதையும் அங்கே அனுப்பியாச்சு என்றார். பிரிண்டிங் பட்டறைக்குப் போகும் சந்துக்குள் துணி ஏற்றிய டெம்போ சிக்கி நின்றது. அதை விடுவிக்க நானும் இறங்கி, "வரலாம் வரலாம்" என்று கையாட்டினேன். மலேசியக் கையாட்டு டிரைவருக்குப் புரியவில்லை போல, டெம்போ ஒரு டீக்கடைப் பெஞ்சை இடித்து நின்றது. கடைக்காரர் எங்களைத் திட்டாமல், "உக்காருங்க சாமி, டீ போடறேன்" என்றார்.

"ஒரு பனியனை ஒரே இடத்தில் செய்கிற ஆள் இந்த ஊரில் இல்லவே இல்லையா?" என்று அலுத்துக்கொண்டேன்.

"பெரிய கம்பெனிக சிலது செய்வாங்க. நம்ம மாதிரி ஆளுக அல்லாமே ஜாப் ஒர்க்குதானுங்க்கா. நிட்டிங் ஒருத்தரு, சாயம் ஒருத்தரு, தையல் ஒருத்தரு. நடுவுல அலையறது நாங்க" என்றாள்.

டீ வந்தது. இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று விஷயத்தைப் போட்டு உடைத்தேன். "பூங்கொடி, ஒட்டியை நீ எடுத்துக்கொள். சாவி, பொறுப்பு, எல்லாம். உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்லீங்க்கா. தப்பா நெனைக்காதீங்க. நான் மாட்டனுங்க."

"ஏன்? உனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

"தெரியும்ங்கறதுக்காக எடுத்தா, நானும் உங்கள மாதிரித்தான் ஆவனுங்க. மூஞ்சியப் பாருங்க, எத்தனை வெசனம்! போன மாசம் நீங்க எனக்குப் பதில் எழுதுனது அங்கத்த நேரத்துக்கு எந்நேரம்னு பாத்தனுங்க. எனக்கும் ஊடு வாசல் இருக்குதுங்க்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை தூரம் பறந்து வந்ததே இவளை நம்பித்தானே! கோபத்துக்குப் பின்னாலேயே அழுகை வந்தது, ஏனென்றால் அவள் சொன்னது நிஜம். நான் செய்யத் துணிந்தது என்ன? என் தலைச்சுமையை என்னைவிடச் சின்னவள் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவது. டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அன்று சம்பள நாள், ரோடு முழுக்க ஆட்கள் பையும் கையுமாகச் சந்தோஷமாகப் போனார்கள். நாங்கள் இருவரும் கம்பெனிக்குத் திரும்பினோம்.

ஞாயிறு காலை சந்தகையும் தேங்காய்ப் பாலும். நம் இடியாப்பம்தான், இங்கே மர அச்சில் வைத்து இரண்டு பேர் தொங்கி அழுத்துகிறார்கள். வேறு நாளாக இருந்தால் அதைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அன்று பாதியிலேயே தட்டை நகர்த்தினேன். கூட்டத்தில் ஒட்டியின் புதுப் பதிப்பு பற்றி நான் பேச வேண்டும். எழுத ஆளில்லாத புதுப் பதிப்பைப் பற்றி என்னவென்று பேசுவது?

கூட்டம் நடந்தது பூங்கொடியின் கம்பெனியிலேயே, செக்கிங் ஹாலில். தைத்த உருப்படிகளை விரித்துக் குறை பார்க்கும் நீள மேஜைகள், மேலே பளீரென்று டியூப் லைட்டுகள். ஞாயிறு மெஷின் ஓடாததால் முதலாளி இடத்தைச் சும்மா கொடுத்திருந்தார். கோலாலம்பூரில் நாங்கள் கூடினால் குளிர்பதன அறை, மெத்தை நாற்காலி, முகம் தெரியாத மங்கல் வெளிச்சம். இங்கே ஒவ்வொருவர் முகத்திலும் உள்ள பருவரைக்கும் தெரிந்தது. சேவூரிலிருந்து பைக்கில் வந்தவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி, சேறு காய்ந்த காலோடு லேப்டாப்பைத் திறந்தார். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். பேச்செல்லாம் தமிழ்தான், நடுநடுவே கடலைமிட்டாயில் கடலைபோல ஆங்கிலம்.

முதலில் ஒருவர் பேசினார், சாயப்பட்டறைக்கு எழுதிய மென்பொருள் பற்றி. கை தட்டினார்கள். டீயும் வெங்காய போண்டாவும் வந்தன. அடுத்தது நான். கொண்டுவந்த படங்களைத் திரையில் போடவே இல்லை. மைக்கைப் பிடித்ததும் வாய் தானாகப் பேசியது.

"நான் புதுப் பதிப்பு பற்றிப் பேச வந்தேன். பேச முடியாது. ஏனென்றால் அதை என்னால் எழுத முடியாது. எனக்கு அலுத்துவிட்டது. ஒட்டியைத் திறக்கவே பிடிக்கவில்லை. ஒரு ஆளைப் பிடித்து ஒப்படைத்துவிட்டுப் போகத்தான் வந்தேன், ஆள் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் லா என் பேச்சு."

பதற்றத்தில் எங்கள் ஊர் 'லா' வேறு கூடவே வந்துவிட்டது. பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். அவளை மாட்டிவிட்டோமே என்று எனக்கே உறுத்தியது. அப்போது பின் மேஜையிலிருந்து ஒரு கை எழுந்தது. ஜெபராஜ் என்று பேர், ஒரு பிரிண்டிங் கம்பெனியில் கணினி பார்க்கிறவர், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

"ஒரு சந்தேகம்க்கா. புகார் வாங்குதது நீங்க, கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கது நீங்க, எழுதுதது நீங்க, சரிபார்க்கது நீங்க, வெளியிடுதது நீங்க. எல்லாம் ஒத்த ஆளா?"

"ஆமாம்."

"நூல் நூத்து, சாயம் போட்டு, தச்சு, பெட்டியில அடைச்சு, கப்பல்ல ஏத்துத வரைக்கும் ஒத்த ஆளா!" என்று தலையில் கைவைத்தார். "ஏக்கா, அதான் ஆளு கிடைக்கல. இப்படி ஒரு வேலைக்கு இந்த ஊருல எவன் வருவான்? ஜாப் ஒர்க்குக்கு விட்டுர வேண்டியதுதானே!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. என்னைக் கேலி செய்கிறார்கள் என்று முதலில் சுருக்கென்றது. பூங்கொடி மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து வெள்ளைப் பலகையில் எழுத ஆரம்பித்தாள். புகார் வாங்குவது. பிரிப்பது. எழுதுவது. செக்கிங். பேக்கிங், அதாவது வெளியிடுவது. "நான் ஒத்தையா மாட்டேன்னுதான சொன்னனுங்க்கா? பிரிச்சா நான் எழுதறது மட்டும் பாத்துக்கறனுங்க. மீதி யாரு?"

அடுத்த அரை மணிக்கு அங்கே சந்தைக்கடைதான். சேவூர்க்காரர் பிரிப்பதை எடுத்துக்கொண்டார். அறுப்புக் காலத்தில் தன்னால் முடியாது, அதற்கு மாற்று ஆள் வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இருவர் பேக்கிங். புகார் வாங்க மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உலகத்து வசவெல்லாம் வந்து விழுகிற இடமல்லவா? கடைசியில் ஜெபராஜே, "நான் பார்த்துக்கிடுதேன். எங்க ஊருல ஏச்சு கேட்டு வளந்த ஆளுதானே" என்றார். செக்கிங்குக்குச் சுகன்யா என்ற ஒல்லிப் பெண், பூங்கொடியின் கீழே வேலை பார்க்கிறவள், "நான் பாக்கறனுங்க" என்று கையைத் தூக்கினாள்.

எல்லாம் சரி, எனக்கு ஒரு பயம் விடவில்லை. உற்சாகத்தில் கையைத் தூக்குவது யாருக்கும் சுலபம். வெளியிடும் சாவியைக் கொடுத்துவிட்டு நான் விமானம் ஏறிய பிறகு கைகள் இறங்கிவிட்டால்? அதை மறைக்காமல் கேட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "நியாயந்தானுங்க. சாம்பிள் அப்ரூவல் ஆகாம எந்த ஆர்டரும் ஓடாதுங்க்கா. ஒரு பீஸ் போட்டுக் காட்டறோம், புடிச்சா சாவி குடுங்க" என்றாள் பூங்கொடி.

நிலுவையில் ஒரு புகார் இருந்தது. நீளமான முகவரி வந்தால் ஸ்டிக்கரின் கடைசி வரி வெட்டுப்பட்டுப்போகிறது. ஜெபராஜ் அந்த வெளிநாட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு பதில் போட்டு, மாதிரி முகவரி கேட்டு வாங்கினார். சேவூர்க்காரர் கோளாறு எந்த இடத்தில் என்று தேடிப் பிடித்தார். பூங்கொடி திருத்தம் எழுதினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கை கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. "அங்கே இல்லை, அடுத்த வரியில்" என்று இரண்டு தடவை வாய் வரை வந்து, போண்டாவால் அடைத்துக்கொண்டேன்.

திருத்தம் சுகன்யாவிடம் போனது. பேக்கிங் பகுதியிலிருந்த ஸ்டிக்கர் பிரிண்டரை இழுத்து வந்து அச்சடித்துப் பார்த்தாள். முதல் ஸ்டிக்கர் வந்ததும் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரை ஓட்டுகிற வாட்ச்மேன் போண்டா சாப்பிட்டுக் கை கழுவி வரும்வரை எல்லோரும் போன் வெளிச்சத்தில் விசிறிக்கொண்டு நின்றார்கள். கரண்ட் வந்தது. இன்னும் சில அச்சடித்தாள். அவற்றை மேஜையில் வரிசையாக ஒட்டி, டியூப் லைட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தன் மேலதிகாரியைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "இது ஆகாதுங்க்கா. பெரிய ஸ்டிக்கர்ல சரியா வருது, சின்னதுல கோடு மேல எழுத்து ஏறுது. திருப்பி அனுப்பறனுங்க."

நான் பூங்கொடி முகத்தையே பார்த்தேன். இத்தனை பேருக்கு முன்னால் தன் கீழே வேலை பார்க்கும் பெண் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாளே, சுருங்குவாள் என்று நினைத்தேன். ஒரு சுருக்கமும் இல்லை. "ஆமா, சின்னது மறந்துட்டேன்" என்று உட்கார்ந்து திருத்தினாள். செக்கிங்கில் உருப்படி நிற்பது இவர்களுக்குத் தினசரி வேலை. யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் கணினி உலகத்தில் ஒரு வரியைக் குறை சொன்னால் ஜென்மப் பகை. என் மனதில் முடிவு ஆனது அந்த இடத்தில்தான்.

இரண்டாம் முறை ஸ்டிக்கர் சரியாக வந்தது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் அதை வெளியிடுவதற்குத் தயார் செய்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். லேப்டாப்பைத் திறந்து, வெளியிடும் உரிமையில் அவர்கள் பெயர்களைச் சேர்த்தேன். என் பெயரை எடுக்கும் பொத்தானுக்கு மேல் விரல் கொஞ்சம் நின்றது. பத்து வருஷத்துப் பிள்ளை அல்லவா? "முருகா" என்று சத்தமாகவே சொல்லி அழுத்தினேன். யாரோ கை தட்டினார்கள். எனக்கு அகோரப் பசி எடுத்தது.

ஜெபராஜ் எங்களைப் பரோட்டா கடைக்கு அழைத்துப் போனார். அவர் ஊர்க்காரர் நடத்துவது, சால்னாவில் காரம் மண்டைக்கு ஏறியது. எங்கள் ரொட்டி சானாயும் இதுவும் ஒரு தாய் பிள்ளைகள் என்று நான் விளக்க, "அப்படின்னா மூத்தது நாங்கதான்" என்று அவர் அடித்துச் சொன்னார். சண்டை தீரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டு, வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று! பூங்கொடி வீட்டுக்குத் திரும்பி, பொழுது சாய்வதற்குள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டேன். போன் எங்கே கிடந்தது என்றுகூடத் தெரியாது.

திங்கள்கிழமை கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட வந்த பூங்கொடி, ஊத்துக்குளி நெய்ப் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டோம். "தூங்கிறாதீங்க்கா, அப்பறம் பாலக்காட்டுல எறங்குவீங்க" என்றாள்.

தூங்கவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன். அவிநாசி தாண்டியதும் சும்மா இருக்க முடியாமல் லேப்டாப்பை மடியில் விரித்துப் புது வெளியீட்டைப் பார்த்தேன். ஒரு இடத்தில் இன்னும் சுருக்கமாக எழுதியிருக்கலாமே என்று கை அரித்தது. எழுதி, எல்லோரையும்போல நானும் ஒரு திருத்தமாக அனுப்பி வைத்தேன். ஒட்டியைப் பெற்றவள் அனுப்பியது, உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைப்பு.

விமான நிலையம் நெருங்கும்போது போன் அதிர்ந்தது. சுகன்யா. 'அக்கா, உங்க பீஸ் செக்கிங்ல நின்னுருச்சுங்க. பழைய பிரிண்டர்ல ஓட மாட்டேங்குதுங்க.'

ரத்தம் சூடேறியது. என் ஒட்டியில் என்னையேவா? பதிலுக்கு நாலு வரி சுடச்சுட எழுதினேன். அனுப்புவதற்குள், என் சுருக்கம் பழைய பிரிண்டர்களுக்குப் புரியாது என்பது ஞாபகம் வந்தது. அவள் சொன்னதுதான் சரி. எழுதிய நாலு வரியையும் அழித்துவிட்டு, 'சரி, இப்போதே திருத்தி அனுப்புகிறேன்' என்று போட்டேன். இந்தத் தடவை பூங்கொடியிடமிருந்து பதில் வந்தது. 'வேண்டாங்க்கா. ஆல்ட்ரேஷன் நாங்க பாத்துக்கறமுங்க. நீங்க நல்லபடியா ஊட்டுக்குப் போய்ச் சேருங்க.'

பத்து வருஷத்தில் என் தப்பை வெளியே போகுமுன் என்னைத் தவிர வேறு யாரும் பார்த்து நிறுத்தியதே இல்லை. நிறுத்தியதோடு, நீ போ, நாங்கள் சரி செய்கிறோம் என்று சொன்னவர்களும் இல்லை. லேப்டாப்பை மூடினேன். அவ்வளவுதான், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. நிறுத்தவும் தோன்றவில்லை.

பக்கத்து இருக்கை அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "என்னங்க கண்ணு? ஊட்ல ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?"

"இல்லீங்க" என்றேன். "நல்ல சேதிங்க."